மேல்மாடிக்கு ஏறாத வைஃபை

வார்டு முழுக்கக் குரல் கொடுத்த மனுஷருக்குச் சொந்த வீட்டு மூன்றாம் மாடிக்கு ஒரு சிக்னலை ஏற்றத் துப்பில்லை என்று மச்சினி கிம் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் சொன்னதில் தப்பும் இல்லை. ஹோவான் முப்பத்து நாலு வருஷம் வார்டு ஒலிபெருக்கி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடிகாலை ஐந்தரைக்கு அவர் ஸ்விட்சைத் தட்டினால் மின்கம்பங்களில் கட்டியிருந்த கூம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமும். தடுப்பூசி நாள், குப்பை வண்டி வரும் நேரம், காணாமல் போன எருமை, எல்லாமே அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும். தூங்குகிறவனைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் இப்போது செல்போனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, முட்டை கொண்டுபோகிறவர் மாதிரி மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

வீட்டையும் குறை சொல்வதற்கில்லை. வியட்நாமில், நாம் தின் நகருக்குப் பக்கத்தில், கடலோரத்து அந்தச் சின்ன ஊரில் எல்லா வீடும் அப்படித்தான். நாலு மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளம், தலைக்கு மேல் தலையாக நாலு தட்டு. வெளிச்சத்துக்காக நடுவில் விட்ட சதுரப் பொந்து கீழ்த்தளத்திலிருந்து கூரைக் கண்ணாடி வரை போகும். கீழே வாசல் பக்கம் வைத்த ரூட்டரின் சிக்னல் முதல் மாடிக்குச் சிரித்த முகமாக வந்தது, இரண்டாம் மாடியில் முனகியது, மூன்றாம் மாடிக்கு வரவே இல்லை. மூன்றாம் மாடியில்தான் முன்னோர் பீடம் இருந்தது. அந்தப் பீடத்தில்தான் லுவாவின் படமும் இருந்தது.

லுவா ஹோவானின் மனைவி, கிம்முக்கு அக்கா. இறந்து இந்த மாதத்தோடு இரண்டு வருஷம். ஒரே மகள் சுயென் அப்போது தைவானில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் இருந்தாள், இப்போதும் இருக்கிறாள். விடுப்புக் கிடைக்கவில்லை. அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் இல்லை, ஒரு பிடி மண் போடவும் இல்லை. முதல் வருஷத் திவசத்துக்கு வீடியோவில் கூப்பிட்டார்கள். ஆனால் பின்பக்கம் புதிதாக எழும்பிய பெரிய கட்டடம் மேல்மாடிக்கு வரும் போன் சிக்னலைப் பாதிக்கு மேல் மறைத்திருந்தது. ஹோவான் ஊதுபத்தியைக் கொளுத்திய அதே நொடியில் படம் உறைந்துவிட்டது. கையில் நெருப்போடு அசையாமல் நின்ற அப்பாவையே கால் மணி நேரம் பார்த்து அழுதிருக்கிறாள் பெண். அதைக்கூட அவள் சொல்லவில்லை, கூட வேலை பார்க்கும் பெண் சொல்லித்தான் இவருக்குத் தெரியும். அன்றிலிருந்து ஹோவானுக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

வரப்போவது இரண்டாவது திவசம். அந்த ஊர் வழக்கப்படி அதோடு துக்கம் முடிகிறது. பிறகு வருஷா வருஷம் திவசம் வரும், ஆனால் இது திரும்ப வராது. பீடத்தைக் கீழே இறக்கிவிடலாமே என்று யாரும் வாய் தவறியும் கேட்கவில்லை. ஊதுபத்திக் கிண்ணத்தை அரை விரற்கடை நகர்த்தினாலே அதில் குடியிருக்கிற முன்னோர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். லுவா கீழே வர முடியாது. சிக்னல்தான் மேலே போக வேண்டும்.

மகள் பிடித்த பிடியில்தான் வீட்டுக்குப் பிராட்பேண்டு வந்தது. இணைப்புக் கொடுக்க வந்தவன் வாசல் சுவரில் துளை போட்டு, மெல்லிய கறுப்பு வயரை உள்ளே இழுத்து, ரூட்டரில் செருகிவிட்டு, மிச்சம் இருபது மீட்டரைச் சுருட்டி ஆணியில் மாட்டினான்.

"எதுக்குய்யா இவ்ளோ வயரைச் சுத்தி வச்சிட்டுப் போற? பாம்பாட்டி வீடு மாதிரி இருக்கு," என்றார் ஹோவான்.

"இருக்கட்டும் பெரியவரே. நாளைக்கு ரூட்டரை இடம் மாத்தணும்னா உதவும். மடக்க மட்டும் மடக்கிடாதீங்க, உள்ள இருக்கறது கண்ணாடி இழை."

"இடம் மாத்த நான் என்ன வாடகைக்கா குடியிருக்கேன்?"

வைஃபைக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று அவன் கேட்டபோது ஹோவான் யோசிக்கவே இல்லை. "லுவா" என்றார். பாஸ்வேர்டுக்கு மட்டும், டீ போடச் சொல்லிக் கிம்மை உள்ளே அனுப்பிவிட்டு, ஒற்றை விரலால் தானே தட்டிக்கொண்டார்.

மறுநாளே கிம் சண்டைக்கு வந்தாள். இரண்டு வீடு தள்ளித்தான் அவள் வீடு. அக்கா போனதிலிருந்து அத்தானுக்குச் சாப்பாடும் வசவும் வேளாவேளைக்கு அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

"செத்துப்போனவ பேரைக் காத்துல பறக்க விட்டிருக்கீங்களே அத்தான், நல்லாவா இருக்கு? எதிர்வீட்டுக்காரன் போனைத் திறந்தா எங்க அக்கா பேரு வருது."

"வரட்டுமே. பேரைத்தானே பார்க்க முடியும்? உள்ள வர முடியாதில்ல?"

"சரி, பாஸ்வேர்டு என்ன, சொல்லுங்க."

"போனைக் கொடு. நானே போட்டுத் தரேன்."

முதுகைத் திருப்பிக்கொண்டு தட்டிக் கொடுத்தார். "என்னமோ வீட்ல தங்கம் காய்ச்சுத் தொங்கற மாதிரிதான்," என்று கிம் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

ஹோவானுக்குத் தெரிந்ததெல்லாம் கூம்பு. கூம்பை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம்தான் சத்தம் போகும். அதனால் ரூட்டரின் இரண்டு கொம்பையும் மாடிப்படிப் பக்கம் திருப்பிப் பார்த்தார். மேலே பார்த்து நிமிர்த்திப் பார்த்தார். அலமாரி உச்சியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். பின்னால் அலுமினிய வாணலியை நிறுத்தினார், அதில் வாணலி கீழே விழுந்து நசுங்கியதுதான் மிச்சம். நாலு நாள் இப்படிப் போன பிறகுதான் மகளிடம் தோல்வியை ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளும்போதும் கீழ்த்தளத்தில் நின்றுதான் பேச வேண்டியிருந்தது.

"அப்பா, அதெல்லாம் வேணாம். ரிப்பீட்டர்னு ஒண்ணு இருக்கு, உள்ளங்கை அளவுதான். ரெண்டாவது மாடி பிளக்குல சொருகினா கீழ இருந்து வர்றதை வாங்கி மேல அனுப்பிடும். நான் ஆர்டர் போட்டுட்டேன்," என்றாள் சுயென்.

"நான் சொல்றதைத் திருப்பிச் சொல்ல ஒரு ஆளா? உங்கம்மா ஒரு நாளும் அப்படிச் செஞ்சதில்லையே."

மகள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மெதுவாகக் கேட்டாள். "இந்தத் தடவை படம் நிக்காம தெரியும்லப்பா?"

"தெரியும்மா. நான் இருக்கேன்ல," என்றார். சொல்லிவிட்டாரே தவிர அன்று இரண்டு கவளம் சோறு குறைவாகத்தான் இறங்கியது.

ஐந்து நாளில் ரிப்பீட்டர் வந்தது. திவசத்துக்கு இரண்டு நாள் முன்னால் செருகிப் பார்த்தார். மூன்றாம் மாடியில், பீடத்துக்கு நேர் எதிரே, போனில் "லுவா" என்று வந்து நாலில் மூன்று கோடு நிறைந்தது. ஹோவான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அதைக் கழற்றிப் பழையபடி அட்டைப்பெட்டியில் போட்டு, துடைத்து, பீடத்தில் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வீட்டுக்கு வரும் எந்தப் புதுப்பொருளையும் முதலில் பீடத்தில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் எடுத்துப் புழங்குவது. மகளின் முதல் சம்பளக் கவரும் அங்கேதான் இருந்தது, போன வருஷம் வாங்கிய ரைஸ் குக்கரும் அங்கே இருந்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனது. திவசத்தன்று காலை எடுத்துச் செருகிக்கொள்ளலாம், அதுவரை லுவா பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தார். அதில் என்ன தப்பு இருக்கிறது?

திவசத்தன்று காலை ஒன்பது மணிக்கு மேலே போனார். பீடத்தில் பழத்தட்டு இருந்தது, பெட்டி இல்லை.

"கிம்!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

கிம் கீழே வேகவைத்த முழுக்கோழியைப் படையல் தட்டில் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"இங்க ஒரு பெட்டி இருந்துச்சே, எங்க?"

"எந்தப் பெட்டி? காகிதப் படையலா? நேத்து சாயங்காலம் அக்காகிட்ட நாளைக்குத் திவசம்னு சொல்லிக் கும்பிட்டேன்ல, அப்பவே பாதியை எரிச்சிட்டேன். இன்னிக்கு ஆளுங்க வருவாங்க, புகை ஆகாதுன்னு."

"எதெல்லாம் எரிச்ச?"

"காகிதச் சட்டை, காகிதச் செருப்பு, காகித போன், அப்புறம் அந்த வைஃபை பெட்டி. அத்தான் பரவாயில்லையே, போனுக்கு ஏத்தாப்புல வைஃபையும் வாங்கி வச்சிருக்காரேன்னு நினைச்சேன்."

ஹோவான் பீட அறைக்கு வெளியே இருந்த மொட்டைமாடிக்குப் போனார். தகர டிரம்மில் சாம்பலைக் குச்சியால் கிளறினார். உருகிக் கல்லாகிப்போன ஒரு வெள்ளைக் கட்டி கிடைத்தது. அதிலிருந்து பிளக்கின் இரண்டு பித்தளைக் காலும் நீட்டிக்கொண்டிருந்தன.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எரித்தால் செத்தவர்கள் கைக்குப் போய்ச் சேரும் என்று காகிதத்தில் செய்து விற்கும் படையல் கடையில் இப்போது எதுதான் இல்லை? மூன்று கேமரா வைத்த காகித போன், காகித ஸ்கூட்டர், ரிமோட்டோடு காகித ஏசி, எல்லாம் அசலை மிஞ்சும் அட்டைப்பெட்டியில் வருகின்றன. பீடத்தில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் யாராக இருந்தாலும் எடுத்து எரிக்கத்தான் செய்வார்கள்.

"ஒரு நாத்தம் வந்துச்சு அத்தான்," கிம்மின் குரல் உள்ளே போய்விட்டது. "இப்பல்லாம் காகிதத்துலயும் பிளாஸ்டிக்கைப் பூசித் தொலைக்கறானுங்கன்னு நினைச்சேன்."

"நினைச்ச. ஒரு வார்த்தை கேட்டியா? இந்த ஊர்ல ஒரு கடையில கிடைக்காது. வர அஞ்சு நாள் ஆகும். பதினொரு மணிக்குப் பொண்ணு கூப்பிடுவா. சாப்பாட்டு நேரம், ஒரு மணி நேரந்தான் அவளுக்கு. என்னன்னு சொல்லுவேன்? இந்த வருஷம் உங்கம்மாவை உன் சித்தி எரிச்சிட்டான்னா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. கிம், ஐம்பதை நெருங்கியவள், யாருக்கும் ஒரு சொல் கடன் வைக்காதவள், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். ஹோவானுக்குத் தன் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. அக்காவைக் கடைசி ஆறு மாதம் குளிப்பாட்டி விட்டவள் அவள்தான்.

கொஞ்ச நேரம் கழித்து வெளிச்சப் பொந்தின் அடியிலிருந்து கிம்மின் குரல் வந்தது. "கயித்தைப் பிடிங்க. கோழி வருது."

லுவாவுக்கு முட்டி வலி வந்த காலத்தில் செய்துகொண்ட ஏற்பாடு அது. மூன்றாம் மாடிக் கைப்பிடியில் ஒரு கப்பி, அதில் கயிறு, நுனியில் மூங்கில் கூடை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அவள் கீழே நின்று பழத்தையும் பூவையும் கூடையில் வைப்பாள், இவர் மேலே நின்று இழுப்பார். மெதுவா, மெதுவா, பூ கொட்டுது என்று அவள் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தரம் கத்துவாள்.

ஹோவான் இழுத்தார். கோழி முதல் மாடியைத் தாண்டியது, இரண்டாம் மாடியைத் தாண்டியது. வாயில் சிவப்புப் பூவைக் கவ்விக்கொண்டு அது ஆடி ஆடி மேலே வருவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசி இரண்டு முழத்தில் கையை நிறுத்திவிட்டார்.

"கிம், அந்தப் பாம்பாட்டி வயர் எவ்வளவு நீளம்னு சொன்னான் அவன்?"

"என்னது?"

"ஆணியில மாட்டியிருக்கே. அதைக் கழட்டு. மடக்காம கழட்டு. ரூட்டரைக் கூடையில வை."

கிம் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவள் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. ஹோவான் கோழியை எடுத்து வைத்துவிட்டுக் கூடையைக் கீழே இறக்கினார்.

கறுப்பு வயரைச் சுருள் சுருளாக அவிழ்த்துத் தரையில் நெளியவிட்டாள். ஒலிபெருக்கி காலத்திலிருந்து ஹோவான் தூக்கிப் போட மனசில்லாமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்த நீளமான மின்வயரை இரண்டாம் மாடிப் பிளக்கில் செருகிக் கீழே தொங்கவிட்டார். அதை எடைக்குப் போடச் சொல்லிக் கிம் நச்சரிக்காத வருஷமில்லை. இப்போது அவளே அதன் நுனியில் ரூட்டரின் பிளக்கைச் செருகி, கூடையின் பிடியில் துணிக்கயிற்றால் கட்டினாள். சின்னச் சின்னப் பச்சை விளக்குகள் எரிய, கோழி போன வழியிலேயே ரூட்டர் ஏறியது.

"மெதுவா, மெதுவா," என்று கூடை முதல் மாடிக்கு வந்ததும் கிம் கத்தினாள். "வயர் இழுக்குது. ஆங், இப்ப தூக்குங்க," என்று இரண்டாம் மாடிக்கு வந்ததும் கத்தினாள். ஹோவான் கண்ணைக் கூடையிலிருந்து எடுக்கவில்லை. பீட அறை வாசலுக்கு ஒரு ஆள் உயரம் கீழே வரும்போது வயர் விறைத்தது. அதற்கு மேல் போகவில்லை. கயிற்றைக் கைப்பிடியில் இறுக்கிக் கட்டிவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தார்.

"லுவா" வந்தாள். நாலு கோடும் வந்தது.

பதினொரு மணிக்குச் சுயென் கூப்பிட்டாள். தொழிற்சாலைச் சீருடையில், சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். ஹோவான் போனைப் பீடத்துக்கு எதிரே, அரிசி டப்பாவில் சாய்த்து நிறுத்தினார். தீக்குச்சியைக் கிழித்தார். மூன்று ஊதுபத்தியும் பற்றிக்கொண்டன. திரும்பிப் பார்க்கப் பயந்து அப்படியே நின்றார்.

"தெரியுதுப்பா," என்றது போன். "புகைகூட தெரியுது."

சுயென் அந்தப் படிக்கட்டிலேயே எழுந்து நின்று, கை கூப்பி, மூன்று தரம் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ சாப்பாட்டுத் தட்டோடு நடந்து போனார்கள். அம்மாவின் படத்தைக் கிட்டே காட்டச் சொன்னாள், கிண்ணத்தைக் காட்டச் சொன்னாள், சித்தி வைத்த ஒட்டரிசிச் சோற்றைக் காட்டச் சொன்னாள். அழுதாள்தான், ஆனால் படம் அசைந்துகொண்டே இருந்ததால் அந்த அழுகையைப் பார்க்க முடிந்தது. ஹோவானும் அழுதார், அதை மறைக்கவும் இல்லை.

ஊதுபத்தி பாதிக்கு மேல் எரிந்ததும் மிச்சக் காகிதப் படையலை டிரம்மில் போட எடுத்தார்கள். அப்போதுதான் கிம் போனுக்கு முன்னால் வந்து, தான் செய்த காரியத்தைத் தானே போட்டு உடைத்தாள். சுயென் தைவான் படிக்கட்டே அதிரும்படி சிரித்தாள்.

"எரிச்சா எரிச்சதுதானே சித்தி. இந்நேரம் அம்மா கையில போய்ச் சேர்ந்திருக்கும். அம்மாகிட்ட போன் இருக்கு, வைஃபை இருக்கு. பாவம், பாஸ்வேர்டுதான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஹோவான் மட்டும் சிரிக்கவில்லை. "அதுவும் சரிதான்," என்று உள்ளே போனார். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எதையோ எழுதி, நாலாக மடித்துக்கொண்டு வந்தார். டிரம்முக்கு அருகில் வருவதற்குள் கிம் அதைப் பிடுங்கிவிட்டாள். வைஃபை வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த ஆத்திரம் அது.

"பச்சைக்குடை88" என்று இருந்தது.

"இதுக்கா இந்தப் பாடு?" என்றாள் கிம். ஆனால் குரலில் கேலி வரவில்லை.

அந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எண்பத்தெட்டில் ரேஷன் கூப்பனுக்கு முத்திரை வாங்க, நிலையம் இருந்த வார்டு ஆபீசுக்கு வந்த லுவா, ஒரு பச்சைக் குடையை மறந்து விட்டுப் போனாள். ஹோவான் காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் ஒலிபெருக்கியில் அறிவித்தார். பச்சைக் குடையைத் தவறவிட்டவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். ஊரே சிரித்தது. மூன்றாம் நாள் அவள் வந்தாள்.

"அத்தான்," என்றாள் கிம். தாளை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் குடை என்னுது."

"உன்னுதா?"

"எனக்கு அப்ப பன்னண்டு வயசு. ரெண்டு நாள் நனைஞ்சுக்கிட்டே ஸ்கூலுக்குப் போனேன். அழுதேன். குடையை எங்கடி விட்டேன்னு அக்காவைக் கேட்டேன். வேணும்னேதான்டி வச்சிட்டு வந்தேன், அந்த ஒலிபெருக்கிக்காரர் என்ன பண்றார்னு பார்க்கணும், வாயைத் திறந்தே கொன்னுடுவேன்னா. இன்னிக்குத்தான் திறக்கறேன்."

ஹோவான் அவளையே பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் தன்னோடு ஒரே பாயில் படுத்த லுவா, ஒரே தட்டில் மீன் பிட்டுத் தின்றவள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒவ்வொரு புதுவருஷ விருந்திலும் இவர் அந்தக் குடைக் கதையைச் சொல்லி, மறதிக்காரி என்று கேலி செய்வார். அவள் குனிந்து சோறு பரிமாறிக்கொண்டே சிரிப்பாள். தன் வெட்கத்தைத்தான் அப்படிச் சிரித்து மறைக்கிறாள் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

தாளைக் கிம்மிடமிருந்து திரும்ப வாங்கினார். பேனாவைக் கேட்டார். டிரம்மின் விளிம்பில் வைத்துப் பாஸ்வேர்டுக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதி, இந்த முறை யாருக்கும் எட்டாதபடி மடித்து நெருப்பில் போட்டார். தாள் விரிந்து, கறுத்து, மேலே பறந்தது.

"என்னப்பா எழுதினீங்க?" என்று போனிலிருந்து மகள் கேட்டாள்.

"செய்தி இப்பத்தான் வந்து சேர்ந்துச்சுன்னு எழுதினேன்," என்றார் ஹோவான்.